சலீமா டீச்சரின் பாதிக் கணக்கு

நாங்கள் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. சலீமா டீச்சர் காலையில் பால்காரருக்குக் கதவு திறக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். மயிலாப்பூர்ப் பள்ளியில் அவருடைய இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கும், அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர் வீட்டுக்குள் நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவருக்கு அன்வர் என்று ஒரு தம்பி. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை; மூச்சுகூட இயந்திரம் தந்ததுதான். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய அந்த இயந்திரம், கரண்ட் போனால் கார் பேட்டரியிலும் ஓடும். பழைய பேட்டரி ஒன்று கட்டிலுக்கு அடியில் எப்போதும் இருக்கும்.

அடையாற்றில் வெள்ளம் வந்த மழையில், ஒரு காலை கரண்ட் நின்றது. எனக்கு அன்வர் நினைவுதான் வந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். டீச்சர் வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அறுபது ஆம்பியர்-மணி பேட்டரி. மெஷின் நாலு ஆம்பியர் இழுக்குது. வகுத்தா பதினஞ்சு மணி நேரம். ஆனா பழசு, கமலா. பாதியைத்தான் நம்பணும்."

பாதிகூட வரவில்லை. மதியத்துக்குள் இயந்திரத்தின் சத்தம் இழுபட்டது. அன்வரின் உதடு நீலம் பாரித்தது. டீச்சர் அவர் தொண்டைக் குழாயில், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையைப் பொருத்தி என் கையில் கொடுத்தார். நான் படபடவென்று அமுக்கினேன்.

"உன் பயத்துக்கு அமுக்காதே. அவன் நெஞ்சைப் பார்த்து அமுக்கு," என்று சொல்லிவிட்டு மழைக்குள் ஓடினார்.

திரும்பி வந்தபோது கூடவே ஒரு டாக்சி டிரைவர், தோளில் தன் வண்டியின் பேட்டரியோடு.

"உங்க வண்டி?" என்றேன்.

"அது அங்கியே கெடக்கட்டும்மா. இந்த மயைல எவன் சவாரி வரப்போறான்? மொதல்ல தம்பிக்கு மாட்டுங்க."

போன மாதம் போட்ட பேட்டரி என்றார். டீச்சர் மறுபடி வகுத்தார். இந்த முறையும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்.

இயந்திரம் சீராக ஓடத் தொடங்கியதும் அன்வர், மூச்சுக்கு ஒரு சொல்லாக, "போதும்க்கா... விட்டுடு" என்றார்.

"பேசாதே. பேச்சுக்கும் மூச்சு செலவாகும்."

பிறகு டீச்சர் சமையலறைச் சுவரில் நெற்றியை வைத்து நின்றார். "விட்டுடலாமான்னு எனக்கும் தோணுது, கமலா. வகுத்துப் பாக்கறேன். இன்னும் நேரம் இருக்குன்னு வருது. நான் என்ன பண்றது?"

மாலையில் கரண்ட் வந்தது.

அடுத்த கோடையில் நெஞ்சில் சளி கட்டி அன்வர் இறந்தார். அன்று கரண்ட் போகவில்லை. கட்டிலடியில் இரண்டு புதுப் பேட்டரிகள் முழுச் சார்ஜோடு இருந்தன. டீச்சர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாமே இருந்துச்சு," என்றார்.

சில நாள் கழித்து ஒரு பிற்பகலில் போனேன். கண்கள் சிவந்து, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "மெஷின் சத்தம் இல்லாம தூக்கம் வரல. நீ ஏதாவது பேசிக்கிட்டே இரேன்."

தனக்கென்று அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். காய்கறி விலை, பேருந்துக் கூட்டம் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அப்படியே கண்ணயர்ந்தார். நிறுத்தினால் விழித்துவிடுவாரோ என்று பயந்து, தூங்குகிறவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தப் பிற்பகல் இன்னும் என்னோடு இருக்கிறது.