சுவரில் மாட்டிய கண்

1. பாலக்காட்டில் நான் வேலை பார்த்த கண் ஆஸ்பத்திரிக்கு விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா வந்தது.
2. முதலில் உட்கார யாரும் துணியாததால் நானே உட்கார்ந்தேன். டாக்டர் எடுத்தார், பிலிமை நான் கழுவினேன். படம் தெளிவாக இருந்ததில் இருவருக்கும் ஒரே சந்தோஷம்.
3. ‘நோயில்லாத கண்’ என்று எழுதிச் சுவரில் மாட்டினேன்.

கிளாக்கோமா வந்தால் கண்நரம்பின் நடுக்குழி அகன்று, பார்வை மெல்லப் போய்விடும். கொழிஞ்சாம்பாறை விவசாயி ஒருவருக்கு இதை விளக்க, அவர் படத்தை என் படத்தருகே பிடித்தேன்.

“ஏனுங்க அம்மிணி, ரெண்டு குழியும் ஒரே அளவாத்தானுங்க இருக்குது? எனக்கு மட்டும் எதுக்குங்க சொட்டு மருந்து?”

அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. டாக்டர் என் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் அதே மருந்தை எழுதினார்.

ஆறு மாதத்துக்கொருமுறை அந்த விவசாயியும் நானும் படம் எடுத்துக்கொள்கிறோம். இதுவரை என் குழி பெரிதாகவில்லை.