அரக்கில் பதிந்த விரல்

ஐம்பத்தைந்தாம் வருஷம், சித்திரை மாதம், புதுக்கோட்டை. மதுவிலக்கு அலுவலகத்தில் நான் தற்காலிகக் குமாஸ்தா. அந்தச் சித்திரையில் மூன்று நாட்கள் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. இதை எழுத உட்கார்ந்ததும் காது மடல் சூடாகிறது. கோபம் தணிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். தணிகிற வழியாக இல்லை.

நான் குடிப்பவன் இல்லை. மதுவிலக்கு கூடாது என்று வாதாட வந்தவனும் இல்லை. சாராயப் பானைகளைக் கோடாலியால் உடைத்த நாட்களில் கூடவே நின்று எண்ணிக்கை எழுதியவன். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

முதலில் அதற்கு ஏழு வருஷம் முன்னால் போக வேண்டும். சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்த வருஷம் அது. சேர்ந்த கையோடு மதுவிலக்கும் வந்தது. சீமைச் சரக்கு வைத்திருப்பவர்கள் தாங்களாகவே வந்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். பங்களாக்காரர்கள் எத்தனை பேர் புட்டிகளைக் கிணற்றில் இறக்கினார்களோ, வைக்கோல் போரில் செருகினார்களோ, யாருக்குத் தெரியும். வல்லத்திராக்கோட்டைப் பக்கமிருந்து ஒரே ஒரு மனிதர் மட்டும் நடந்தே வந்து, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்கிட்ட ஒரு பீப்பா பிராந்தி இருக்குங்க” என்றார்.

அவருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருக்கும். விவசாயக் குடும்பம். இளம் வயதில் சைகோனுக்குக் கப்பல் ஏறி, ஒரு பிரெஞ்சுக்காரரின் சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய மூக்கின் கூர்மையைக் கண்ட துரை, அவரைத் தன் சொந்த ஊருக்கே அழைத்துப் போயிருக்கிறார். பிரான்சில் பிராந்திக்குப் பேர்போன கோன்யாக் என்ற ஊர். அங்கே ஆறு வருஷம் பிராந்திக் கிடங்கில் வேலை. பிரியும்போது துரை கொடுத்ததுதான் அந்தச் சின்னப் பீப்பாய். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் காய்ச்சி இறக்கிய சரக்கு.

அதற்கு முத்திரை வைக்க என்னையும் அனுப்பினார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. உள்ளறையில், தண்ணீர் தெளித்த மணல்மேல் இரண்டு மரக்கட்டைகள். அவற்றின்மேல் படுத்திருந்தது பீப்பாய். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அரக்கு உருகும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“புளிப்புத் திராட்சை ஒயினைச் செம்புக் கொப்பரையில ரெண்டு தடவை காச்சி எறக்குவாங்க தம்பி. எறங்குறப்பப் பச்சைத் தண்ணி மாதிரிதான் இருக்கும். நெறம் கெடையாது, நாக்கைப் பொசுக்கும். அதை ஓக்கு மரப் பீப்பாயில ஊத்திப்புட்டு மனுசன் சும்மா இருக்கணும். அம்புட்டுத்தான் வேலை. ஆனா சும்மா இருக்கிறதுதான் கஷ்டம்.”

சும்மா இருந்தால் மரம் நிறம் கொடுக்கும், மணம் கொடுக்கும், முரட்டுத்தனத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுக்கும் என்றார். அதற்குக் கூலியாக வருஷா வருஷம் கொஞ்சம் குறைந்துபோகும். மரம் வழியாகக் காற்று எடுத்துக்கொள்ளும். “அது தேவதைகளோட பங்குன்னு தொரை சொல்லுவாரு. அதுல போயி அளவு பாக்கக் கூடாதாம்.”

“தேவதைகள் பர்மிட் வாங்கியிருக்காங்களா?” என்று கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா?”

“ஒரு சொட்டுக் கெடையாது. எனக்கு மூக்குலதான் வேலை. நாக்குல பட்டா மூக்கு கெட்டுப்போயிரும்.”

உள்ளங்கையில் ஒரே ஒரு துளியைத் தேய்த்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். நான் என்னவெல்லாமோ எழுதிப் பார்த்துவிட்டேன், அந்த வாசனையை எழுத முடியவில்லை. பாகு கருகுவதற்கு ஒரு நொடி முந்தைய வெல்லம். மழை இருட்டிய மதியத்தில் பழுத்து விழுந்துகிடக்கும் முந்திரிப் பழம். பல வருஷம் திறக்காத மரப்பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒன்று, பெயர் இல்லாதது. “என் இருபது வயசு அதுக்குள்ள கெடக்கு தம்பி” என்றார். எனக்கு அது பெரிய பேச்சாகத் தோன்றவில்லை. அந்த வாசனைக்குப் பக்கத்தில் சின்னதாகத்தான் இருந்தது.

குச்சி விட்டு அளந்தோம். பதினாறு அங்குலம் நனைந்தது. தக்கையை அடைத்து அரக்கு ஊற்றினேன். பித்தளை முத்திரையை வைத்து அழுத்தும்போது கை வழுக்கி, என் வலது பெருவிரல் கொதிக்கும் அரக்கில் இறங்கிவிட்டது. அலறினேன். அவர் ஓடிப்போய்ச் சோற்றுக் கற்றாழையைக் கீறிக்கொண்டு வந்து வைத்துக் கட்டினார். முத்திரைக்குப் பக்கத்தில் என் விரல் ரேகை அப்படியே பதிந்து இறுகிவிட்டது. மேலிடத்து உத்தரவு வரும்வரை பீப்பாய் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

உத்தரவு ஏழு வருஷமாக வரவில்லை. வந்தது ஒரு புது இன்ஸ்பெக்டர்.

பழைய ரிஜிஸ்தரில் அந்தப் பீப்பாயைக் கண்டுபிடித்து, சித்திரை வெயிலில் ஜீப்பைக் கிளப்பினார். நானும் போனேன். அரக்கைக் கத்தியால் நெம்பிப் பெயர்த்து என் கையில் போட்டுவிட்டுக் குச்சியை விட்டார். பத்து அங்குலம்தான் நனைந்தது.

“ஆறு அங்குலம் எங்கய்யா போச்சு?”

“காத்து குடிச்சிருச்சுங்க.”

கூட வந்த போலீஸ்காரர்கள் சிரித்த சிரிப்பில் கூரைப் புறா பறந்தது. அவர் பதறாமல் சுவரைக் காட்டினார். பீப்பாய்க்கு மேலே சுண்ணாம்புச் சுவரும் கூரை ஓடும் கன்னங்கரேல் என்று கறுத்திருந்தன. “இந்த ரூமுல அடுப்பு கெடையாதுங்க. பிராந்தி ஆவி பட்டா இப்புடித்தான் கறுப்புப் பூக்கும். அந்த ஊருல தெருவே கறுத்துக் கெடக்கும்.”

“ஏழு வருசமாக் குடிச்சுப்புட்டு அரக்கைத் திரும்ப ஒட்டியிருக்கே. சுவரைக் காட்டிக் கதை சொல்றியா?”

அவர் முகம் அப்போதுதான் மாறியது. “ஐயா, பீப்பாயை எடுத்துக்கிட்டுப் போயிருங்க, நான் கேக்கலை. நான் குடிச்சேன்னு மட்டும் எழுதிராதீங்க. திருடிக் குடிச்சேன்னு எழுதிராதீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பிதான் ஒட்டுனாரு. தம்பிக்குத் தெரியும்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “என்னய்யா, நீ ஒட்டின சீலா இது?”

என் உள்ளங்கையில் அந்த அரக்குத் துண்டு இருந்தது. முத்திரையும் பக்கத்தில் என் பெருவிரல் பதிவும். பச்சைக் குழந்தைகூடப் பதிவையும் விரலையும் பொருத்திப் பார்த்துச் சொல்லிவிடும்.

“பாத்துத்தான் சொல்லணும் சார்” என்றேன்.

சமஸ்தானத்து ஊழியர்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று ஏழு வருஷமாக ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது. என் வேலை உறுதியாகவில்லை. இன்ஸ்பெக்டரின் ஒரு வரிக் குறிப்பில் என் சோறு இருந்தது. காரணம் கேட்டால் இதுதான் காரணம். இதைக் காரணம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பரிசோதனைக்கு என்று இரண்டு புட்டிகள் நிரப்பி ஜீப்பில் வைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர். பீப்பாயை மாட்டுவண்டியில் ஏற்றி, கப்பி ரோட்டில் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுவந்து அலுவலக முற்றத்தில் வெட்டவெளியில் போட்டார்கள். பீப்பாய்க்காரர் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

“வெயில்ல கெடக்கக் கூடாதுங்க. பாதிக்கு மேல வெறும் மரம். காஞ்சுச்சுன்னா பலகை சுருங்கி இரும்பு வளையம் தளந்துரும். ஒரு ஈரச் சாக்கு மட்டும் போட்டுக்கிறேன்.”

“எவிடன்ஸைத் தொட்டேன்னா அது தனிக் கேஸ்.”

அவர் போகவில்லை. சந்தைக்குப் போய் ஒரு புது மண்பானை வாங்கிவந்தார். கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார். “ஐயா, இதுக்கும் சீல் வையுங்க. மூணு நாள் கழிச்சு ஒடைங்க. தண்ணி கொறைஞ்சிருந்தா நான் சொல்றது நெசம். கொறையலைன்னா நீங்க எழுதுற எடத்துல கையெழுத்துப் போடுறேன்.”

இன்ஸ்பெக்டருக்குப் பொழுதுபோகவில்லை போலிருக்கிறது. சரி என்றார். முத்திரை வைக்கும் வேலை எனக்கே வந்தது. அரக்கை உருக்கி, பித்தளை முத்திரையை இந்த முறை வழுக்காமல் அழுத்தினேன். எதிரே குந்தியிருந்த அவர் என் பெருவிரல் தழும்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கற்றாழை கட்டிய கை அல்லவா, அதற்குத் தெரியாதா.

அந்த மூன்று நாளும் வராந்தா நிழலில் பானை வேர்த்தது. முற்றத்து வெயிலில் பீப்பாய் காய்ந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. “என்ன பெருசு, காத்து இன்னும் குடிக்கலையா? அதுக்குச் சுண்டல் கிண்டல் வேணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனான் ஒருவன். என் மேஜை டிராயரில் உறைக்குள் அந்த அரக்குத் துண்டு கிடந்தது. ஒரு நாளில் பத்து முறை திறந்து பார்த்தேன். பத்து முறை மூடினேன்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு வளையம் டங் என்று நழுவியது. பலகை இடுக்கில் தேன் நிறத்தில் ஒரு கோடு இறங்கியது. அவர் துண்டை நனைத்துக்கொண்டு ஓடினார், சென்ட்ரி மறித்தான். சாயங்காலத்துக்குள் முற்றம் முழுவதும் அந்த வாசனை. கருகப்போகும் வெல்லம், மழைக்கு முந்திய முந்திரித் தோப்பு. தெருவில் போனவர்கள் நின்று மூச்சை இழுத்தார்கள். செம்மண் குடித்தது, எறும்பு குடித்தது. குடிக்காத ஒரே மனிதர் குடிகாரன் என்ற பெயரோடு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டிராயரைத் திறந்தேன். மூடினேன்.

மூன்றாம் நாள் பானையை உடைத்துப் பார்த்தார்கள். முத்திரை அப்படியே இருந்தது. தண்ணீர் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது.

“பானை வேர்க்கும், எறங்கும். பீப்பா வேர்க்குமா?” என்றார் இன்ஸ்பெக்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாக்குமூலம் எழுதச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதினேன், ஆமாம். ‘மேற்படி நபர் அரக்கை உடைத்துத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு மீண்டும் ஒட்டியதாக’ என்ற வரியை என் பேனாதான் எழுதியது.

கையெழுத்து வாங்குமுன் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. எழுந்து நின்று படித்தேன். அந்த வரிக்கு வந்தேன். என் குரலில் அந்தப் பொய்யைக் கேட்க என் காதுக்கே பிடிக்கவில்லை. டிராயரைத் திறந்து அரக்குத் துண்டை எடுத்து இன்ஸ்பெக்டர் மேஜைமேல் வைத்து, என் பெருவிரலை அதன் குழியில் பொருத்தினேன். அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

“இது நான் வெச்ச சீல் சார். யாரும் தொடலை.”

இன்ஸ்பெக்டர் குனிந்து விரலையும் குழியையும் பார்த்தார். “இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டார். அவ்வளவுதான். கேஸ் இல்லை. வேலை போகவில்லை. ஆடி மாதம் என் வேலையை உறுதி செய்து உத்தரவே வந்துவிட்டது. எதற்குப் பயந்தேனோ அது எங்குமே இருந்திருக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த இரண்டு புட்டிகளையாவது கொடுங்கள் என்று அவர் கேட்டார். பரிசோதனைக்குப் போய்விட்டது என்றார் இன்ஸ்பெக்டர். “பரிசோதனை முந்தா நேத்தே முடிஞ்சிருச்சுங்க. ரிசல்ட்டு ரொம்ப நல்லா இருந்துச்சாம்” என்று பியூன் என் காதில் முணுமுணுத்தான்.

காலிப் பீப்பாயை எடுத்துப்போக அனுமதி கிடைத்தது. அவர் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, தக்கைத் துளையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் மூச்சை இழுத்தார். வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். என் கையை மெல்ல விலக்கிவிட்டார். முதல் நாளிலிருந்து என்னைத் தம்பி என்று கூப்பிட்ட மனிதர், துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“மூணு நாளா இந்த வெரலு எங்கிட்டு இருந்துச்சுங்க, ஐயா?”

அந்த இன்ஸ்பெக்டர் மேல் எனக்குக் கோபம் உண்டு, குடித்துத் தீர்த்த இரண்டு புட்டிகள் மேல் உண்டு, ஏழு வருஷம் தூங்கிய ஃபைல் மேல் உண்டு; ஆனால் ஒவ்வொரு நாளும் பேனாவை எடுக்கும்போது தழும்பு தட்டுப்படுகிறது, கோபமெல்லாம் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது.