அத்தானின் பங்குத் தண்ணி

எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு படகு இருக்கை கிடக்கிறது. வெள்ளை ரெக்சின், ஓரத்தில் நீலப் பட்டி, நடுவில் ஓர் ஆள் பல வருடம் இருந்து எழும்பிய பள்ளம். கால்கள் இல்லாதபடியால் நான்கு சீமெந்துக் கல்லின்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். வலப்பக்கத்தில் தையல் விட்டுப்போன இடத்தைத் தங்கூசி என்று நாங்கள் சொல்கிற நைலோன் மீன்பிடி நூலால் நான்தான் தைத்தேன். முடிச்சுகளை உள்ளே விடவேண்டும் என்பது தைத்து முடித்த பிறகுதான் விளங்கியது. ஆகையால் அதில் யார் இருந்தாலும் வலது தொடையில் குத்தும். வருகிறவர்கள் ஒருமுறை துள்ளி எழும்பி, பிறகு மரியாதையாகப் பிளாஸ்டிக் கதிரைக்கு மாறிவிடுவார்கள். உந்தச் சீற்றை ஏன் வாசலிலை வைச்சிருக்கிறீர் என்று கேட்டால், "சொந்தக்காரர் கெதியா எழும்பிப் போறதுக்கு" என்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

அது அத்தானின் இருக்கை. என் அக்காவின் கணவர். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கும் படகு ஒன்றை வைத்து, சுக்கானைத் தானே பிடித்தார். கரையை விட்ட நேரத்திலிருந்து மறுகரை தொடும்வரை அவருடைய வாய் மூடாது. "உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை போங்கோ. அக்கா, பிள்ளையை மடியிலை வையுங்கோ. ஐயா, நீங்கள் நடுவுக்கு வாங்கோ, உங்களை ஓரத்திலை விட்டால் நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் போய்ச் சேருவம்." அந்தப் பருத்த ஐயாவே முதலில் சிரிப்பார். பகிடி எவ்வளவோ, துப்புரவும் அவ்வளவு. கடைசிப் பயணம் முடிந்ததும் ஒவ்வோர் இருக்கையாகத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "கோயிலுக்குப் போற சனம், வெள்ளை வேட்டியோடை வருகுதுகள். என்ரை சீற்றிலை ஊத்தை பிரண்டால் அம்மாளுக்கு முன்னாலை அதோடைதானே போய் நிப்பினம்" என்பார்.

அந்த மனிதருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட வருடம்தான் நான் கொழும்பை விட்டு வந்து அக்கா வீட்டில் தங்கினேன். வாரத்தில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்துக்குப் போய், ஆஸ்பத்திரி இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்று ஆனபோது ஐப்பசி மாதம். படகைக் கரையில் ஏற்றினோம். மழைக்கு முன்னர் அதை மூடிவைக்கும் பொறுப்பு எனக்கு. பெரிய படங்கு ஒன்றைப் போர்த்து, சுற்றிவரக் கயிறு இழுத்து, கண்ட இடமெல்லாம் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து, "காத்துக்கூட உள்ளுக்கை போகாது அத்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். தைப்பொங்கல் முடிந்து மழையும் ஓய்ந்த பிறகு திறந்து பார்த்தேன். காற்றுப் போகவில்லைத்தான். பூஞ்சணம் போயிருந்தது. வெள்ளை இருக்கைகள் எல்லாம் எள்ளுத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள்; தையலோரங்களில் பச்சையும் கறுப்புமாகப் படை. அதிலும் சுக்கான் இருக்கைதான் மோசம். அத்தானுடைய பள்ளத்தில் ஈரம் தேங்கி, பூஞ்சணம் அங்கே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

கைபேசியில் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தான் கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். "சனீஸ்வரனுக்கு நான் எள்ளெண்ணெய் எரிக்கேல்லை. அதுக்கு அவர் என்ரை சீற்றிலையே எள்ளைக் கொட்டிட்டுப் போயிருக்கிறார்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். கொழும்பில் ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் ஏழு வருடம் வேலை செய்தவன் நான். வைன் கறை, குழம்புக் கறை, மை, மஞ்சள் எல்லாம் எனக்குத் தூசு. "கறை எண்டால் என்னட்டை விடுங்கோ" என்றேன். அன்றைக்கு எனக்கு மனேச்சர் பட்டம் கிடைத்தது. "சரி மனேச்சர். ஆனியிலை கோயில் கொடியேறும். கொடியேத்தத்துக்கு நான் அந்தச் சீற்றிலை இருந்து படகு விடவேணும். அதுக்குள்ளை முடிச்சுத் தாரும்."

முதலில் சவர்க்காரத் தூளும் தேங்காய்த் தும்பும். தேய்த்த தேய்ப்பில் புள்ளிகள் போயின, என் உள்ளங்கைத் தோலும் போனது. கிணற்றிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றி அலம்பிக் காயவைத்து, காகம் எச்சமிடும் என்று மறுபடி மூடிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எள்ளு முளைத்திருந்தது. பிறகு அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, மேலே தேசிக்காயைப் பிழிந்து புளி விட்டேன். நுரை பொங்கியதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது, எறும்புகளுக்கும் சந்தோசம். அதையும் நன்றாக அலம்பினேன். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினேன். பூஞ்சணம் அடியோடு போயிற்று. கூடவே வலப்பக்கத் தையல் நூலும் அவிந்து போயிற்று. அப்போது தைத்ததுதான் இந்தத் தங்கூசி. சித்திரை முடிவதற்குள் அந்தத் தங்கூசி முடிச்சைச் சுற்றியே புதுப் புள்ளிகள் வந்துவிட்டன. தங்கூசியில் முதலில் பிடிபட்ட மீன் அதுதான்.

இதற்கிடையில் வாரத்தில் இரண்டு விடியற்காலை நானும் அத்தானும் வேறொருவர் படகில் குறிகட்டுவானுக்குப் போவோம். இருபது வருடம் மற்றவர்களை உள்ளுக்கை போகச் சொன்ன மனிதர், ஒன்றும் சொல்லாமல் உள்ளுக்கை போய் இருப்பார். ஒரு பகிடி வராது. ஆனால் அவருடைய வலது கையை நான் கவனித்திருக்கிறேன். முழங்காலின்மேல் கிடக்கும் அந்தக் கை, ஒவ்வொரு திரை எழும்பி வரும்போதும் கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் திரும்பும். சுக்கான் பிடித்திருந்தவர் திருப்புவதற்கு ஒரு நொடி முன்னாலேயே திரும்பும். பிறகு பஸ்சில் மடத்துவெளி, வேலணை, மண்கும்பான் என்று போய்ச் சேரும்வரை கண்ணை மூடிக்கொள்வார்.

வைகாசி தொடக்கத்தில் ஒருநாள் அவர் இயந்திரத்தோடு கிடந்த நேரத்தில், டொக்டர் அன்று கூட வந்திருந்த அக்காவையும் என்னையும் வெளியே கூப்பிட்டு, இதயமும் பலவீனமாகிவிட்டது என்றார். படகு விடுகிற கதையே இனி வேண்டாம், எதற்கும் மனத்தைத் தயாராக வைத்திருங்கள் என்றார். அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஊர் திரும்பியதும் நான் நேரே கரைக்குப் போய், இருக்க மாட்டாத ஆளுக்காக அந்த இருக்கையைத் தேய்த்தேன். வேறு என்ன செய்ய? அவருடைய இரத்தத்தைக் கழுவ எனக்குத் தெரியாது. தெரிந்தது ரெக்சின் கழுவ மட்டும்தான். அதுவும் தெரியாது என்பது அடுத்த நாள் வெளித்தது.

அத்தான் கேட்டார்: "மனேச்சர், எந்தத் தண்ணியிலை அலம்பினனீர்?"

"கிணத்துத் தண்ணியிலைதான். வேறை என்ன கிடக்கு?"

அவர் சிரிக்கத் தொடங்கி, இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "ஏழு வருசம் அங்கை என்னத்தைப் படிச்சனீர்? எங்கடை கிணறு முழுக்கச் சவர். ஒவ்வொரு தரமும் உப்பை ஊத்திக் காயவிட்டிருக்கிறீர். உப்புக் கிடந்தால் சீற்று ஒருநாளும் காயாது. காத்திலை இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே கிடக்கும். உந்தப் பூஞ்சணத்துக்கு நீர்தான் சோறு போட்டு வளர்த்தனீர்."

கொழும்பு விடுதியில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணி. ஏழு வருடத்தில் ஒருநாள்கூட எந்தத் தண்ணி என்று நான் கேட்கவில்லை. கடைசி அலம்பல் மழைத் தண்ணியில் இருக்கவேண்டுமாம். அதற்காகவே அவர் மாரியில் ஒரு பீப்பா நிறையப் பிடித்துவைப்பாராம். அந்தப் பீப்பா முற்றத்து மூலையில் கவிழ்ந்து கிடந்தது. மாரி தொடங்கும்போதே நுளம்பு பெருகிக் கடிக்கும் என்று அதைக் கவிழ்த்துவைத்த அறிவாளியும் நான்தான்.

மழை இனி ஐப்பசியில்தான். எங்கள் தீவில் அப்போது நல்ல தண்ணி என்பது பொதுத் தாங்கியில், வீட்டில் எத்தனை பேரோ அதற்கு ஏற்ப, பிளாஸ்டிக் கானில் பிடித்து வருவது. அது வாய்க்கு மட்டும். குளிப்பு, தோய்ப்பு, சட்டி கழுவல் எல்லாம் சவரில். நல்ல தண்ணியில் கால் கழுவினவரைப் பற்றி ஊர் பத்து வருடம் கதைக்கும். எங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. அத்தான் ஒருநாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணிதான் குடிக்கலாம். கூடினால் உடம்பில் தேங்கி மூச்சை அடைக்கும். சித்திரை வெயிலில் அந்தப் போத்தலைக் கையில் வைத்து, குடிக்காமல் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு இருப்பார்.

"தாங்கியிலை என்ரை பேருக்கும் சேர்த்துத்தானே தண்ணி தாறாங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் அத்தான்."

"நான் குடிக்கிறனானே?"

நான் அவருடைய கையில் இருந்த சின்னப் போத்தலைப் பார்த்தேன்.

"என்ரை பங்கைக் கொண்டுபோய் அந்தச் சீற்றுக்கு ஊத்து." மனேச்சர் பட்டம் அப்போது இல்லை.

அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்கென்ன விசரே? குடிக்கிற தண்ணியிலை சீற்றுக் கழுவுறதோ? சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். நீ என்னை ஒரு போத்திலோடை காயவைச்சிருக்கிறாய். அதுக்குச் சனம் ஒண்டும் சொல்லேல்லையே."

அக்கா உள்ளே போனாள். சாயந்தரம் பார்த்தால், ஒரு வெற்றுக் கானைக் கழுவி, துணியால் வாய்கட்டி, அவருடைய கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள். அன்றிலிருந்து அத்தானின் பங்கை அவளே அளந்து அதற்குள் ஊற்றினாள். டொக்டர் சொன்னதை அவள் அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. கானில் தண்ணி ஏறுவதைக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்ப்பது மட்டும் அவருக்கு ஒரு பொழுதாக இருந்தது.

கான் நிறைந்த காலை, அதைத் துவாயால் மூடித் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் பக்கத்து வீட்டுக்காரர், "உதென்ன, தண்ணியோ?" என்றார். "டீசல்" என்றேன். முதலில் சவரில் தேய்த்துக் கழுவி, பிறகு அந்த நல்ல தண்ணியைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு, தையலுக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் விட்டேன். ஓரத்தில் விரலைத் தேய்த்து நக்கிப் பார்த்தேன். கரித்தது. இன்னும் விட்டேன். கடைசிச் சிரட்டையோடு கரிப்பு நின்றது. ஆளரவம் இல்லாத கரையில் ஒரு வளர்ந்த மனிதன் படகு இருக்கையை நக்கிக்கொண்டு நிற்பதைக் கடற்காகங்கள் மட்டும் கண்டன. ஊருக்குள் அவை கதை கொண்டுபோகவில்லை என்றே நம்புகிறேன்.

இரண்டு கிழமை வெயிலில் விட்டுப் பார்ப்போம் என்றேன். அத்தான் கேட்கவில்லை. "பாத்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை" என்றார். அன்று மத்தியானமே ஓட்டோவில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனேன். மணலில் மரக்குற்றிகளின்மேல் நின்ற படகுக்குள் அவரைத் தூக்கி ஏற்றும்போது, என் கைகளுக்கு அவர் பாரமே இல்லை. அதை இன்றைக்கும் என் கைகள் மறக்கவில்லை. இருக்கையைத் தடவிப் பார்த்தார். பால் வெள்ளை. இருந்தார். சுக்கானில் இரண்டு கையையும் வைத்தார்.

"உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை போங்கோ" என்று திடீரென்று சத்தமாகத் தொடங்கினார். படகில் நான் ஒருவன்தான். உள்ளே போனேன். "ஐயா, நடுவுக்கு வாங்கோ." நடுவுக்கு வந்தேன். "அக்கா, பிள்ளையை மடியிலை வையுங்கோ." பக்கத்தில் கிடந்த வெற்றுக் கானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு குறிகட்டுவான் பக்கமாகப் பார்த்தபடி, கையைக் கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் இருக்கும். அக்கரைக்குப் போய்ச் சேருகிற நேரம்.

"இறங்குவம்" என்று எழும்பியபோதுதான் கண்டேன். மேலே காய்ந்திருந்த இருக்கையின் பஞ்சு உள்ளே ஈரத்தைக் குடித்து வைத்திருந்து, அவர் இருந்த பாரத்தில் முழுவதையும் கக்கியிருந்தது. அவர் உடுத்திருந்த சாரத்தின் பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "ஐயோ அத்தான்" என்றேன். அவர் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "வாயாலை குடிக்க விடேல்லை. பாத்தியே, என்ரை பங்கு எந்த வழியாலையோ என்னட்டை வந்து சேர்ந்திட்டுது!"

கொடி ஏறுமுன்னரே அத்தான் போய்விட்டார். திருவிழாவுக்குப் படகுகள் எல்லாம் சனம் நிரம்பிப் போய்வந்தன; எங்கள் படகு மணலில் நின்றது. நான் போய்ப் போய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி வரவில்லை. என் சலவை வாழ்க்கையில் திரும்பி வராமல் நான் எடுத்த ஒரே கறை அதுதான். இப்போதாவது வந்தால் தேய்ப்பதற்கு ஒரு சாட்டு இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். படகை வாங்கியவர் இருக்கைகளை மாற்றப் போகிறேன் என்றபோது, இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

இப்போது எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணி வந்துவிட்டது. நல்ல தண்ணி; வீட்டுக்குள்ளேயே; எவ்வளவும் பிடிக்கலாம். மாதம் ஒருமுறை இருக்கையை முற்றத்தில் போட்டுக் கழுவுகிறேன், அதில் கழுவ ஒன்றும் இல்லாவிட்டாலும். நேற்றும் கழுவினேன். நடுப் பள்ளத்தில் தண்ணி நிரம்பி, நீலப் பட்டியால் வழிந்து, மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. அக்கா குசினிக்குள்ளிருந்து கத்தினாள்:

"தம்பி, நல்ல தண்ணியெல்லே போகுது!"

"ஓம் அக்கா" என்று சொல்லிக் குழாயைப் பூட்டினேன்.