இருபத்து மூன்றாம் நாள் வளைகாப்புச் சாப்பாடு

புரட்டாசி பிறந்து பத்து நாளாகியும் எங்கள் வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாற்றுக்கு முப்பது நாள் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் நடாவிட்டால் சம்பா இல்லை. கீழ்வேளூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வயலுக்குப் பெரியப்பாவின் வயல் வழியாகத்தான் தண்ணீர் வரவேண்டும். அவர் மடையை அடைத்துவிட்டார்.

காரணம் நான்தான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு ஒரு சர்வேயரிடம் வேலை செய்கிறேன். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்வக்கோளாறில் எங்கள் வயலை அளந்தேன். பெரியப்பா வயலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவே உள்ள வரப்பு மூன்று அடி எங்கள் பக்கம் தள்ளி இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுநாளே மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டினார். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அப்பாவுக்கு ஆதரவாக ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் வந்தார். அடுத்த நாளே பெரியப்பாவுக்கு ஆதரவாக மற்றக் கட்சிக்காரர் வந்தார். சண்டை தாலுகா ஆபீஸ் வரை போனது.

அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவர் பெரியம்மா. ஆலயத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பின் பெஞ்சுக்குப் போனேன். அழுதேன். பிறகு, ஆவணி மூன்றாம் வாரத்தில், நாற்பது நாள் உபவாசம் என்று தீர்மானித்தேன்.

எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு நிம்மதி. ஒன்று, பகலில் தண்ணீர் மட்டும். இரண்டு, காபி இல்லை. மூன்று, தலையில் பூ இல்லை. நான்கு, யார் வீட்டிலும் சாப்பாடு இல்லை. ஐந்து, வீண் சிரிப்பு இல்லை. தினமும் டிக் போட்டேன். தினமும் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, பெரியப்பா வீட்டுக் கதவைத் திறந்தருளும்." டிக் கூடக்கூட என் முகம் இறுகிக்கொண்டே போனது.

"உன்னைப் பாத்தா எனக்கே பயமா இருக்கும்மா" என்றார் அப்பா.

இருபத்து இரண்டாம் நாள், ஆராதனை முடிந்து வரும்போது பெரியம்மா என்னை வழிமறித்தார்.

"எஸ்தரு, நாளைக்கு உங்க அக்காவுக்கு வளைகாப்பு. வந்து சாப்பிட்டுப் போ."

"நான் உபவாசம் பெரியம்மா."

"உபவாசமாடி? இல்ல, எங்க வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னா?"

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் கூப்பிட்டும் அவர் வீட்டில் கை நனைக்கவில்லை என்றால், உறவே வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

சாயங்காலம் முழங்காலில் நின்று வழக்கம்போல ஆரம்பித்தேன். "ஆண்டவரே, பெரியப்பா வீட்டுக் கதவை…" அதற்குமேல் வாய் வரவில்லை. கதவைத்தான் காலையிலேயே ஆண்டவர் திறந்துவிட்டாரே! சாத்தியவள் நானல்லவா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்காலில் நின்றபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். பெரியப்பாவே வாளியோடு பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். என் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னம்மா சர்வேயர், சாதத்தை எத்தனை அடிக்கு வைக்கிறது?"

பந்தியே சிரித்தது. எனக்குக் காது சூடானது.

"அளக்காம வைங்க பெரியப்பா. நேத்து வரைக்கும் பட்டினி."

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும் இடத்தில் அவரிடம் சொன்னேன். "நான் அளந்தது சரிதான் பெரியப்பா. ஆனா முதல்ல உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

சாப்பாட்டை விடுவதைவிட, "தப்பு என்னோடது" என்ற சொல்லைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. புறப்படும்போது அவர் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தார்.

"பாயசம். உங்கப்பனுக்கு. ஆறிட்டா அதுக்கும் என்னைத்தான் திட்டுவான், சீக்கிரம் போ."

அப்பா தூக்குவாளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழித்துக் குடித்தார். "வெல்லம் கம்மி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, அதை அண்ணனிடமே சொல்லக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை மடை திறந்திருந்தது. அந்த வாரமே நட்டோம். மூன்று அடியை இரு வீட்டுக்கும் பொதுவான நடைபாதையாக விட்டார்கள். கட்சிக்காரர்கள் இருவருக்கும்தான் கொஞ்சம் வருத்தம்.

அன்பானவர்களே, இன்றும் நான் வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறேன், சந்தோஷமாக. வயிற்றை வெறுமையாக்குவது சுலபம். "நான் சொன்னதே சரி" என்பதை விட்டுக்கொடுப்பதுதான் என் உண்மையான உபவாசம் என்று கற்றுக்கொண்டேன். அதை விட்ட இடத்தில் ஆண்டவர் எனக்குப் பந்தி வைத்தார். உங்களுக்கும் வைப்பார், நம்புங்கள். பேசாமல் இருக்கும் ஒரு வீட்டிலிருந்து இன்று அழைப்பு வந்தால், ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போய் உட்காருங்கள். பக்கத்து இலையில் ஆண்டவர் இருப்பார்.