நடை சாத்தியிருந்த மதியம்

காவிரிக் கரைக் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நைனாவின் பல வருட ஆசை. போன வருஷம் செஞ்சியிலிருந்து அவரை அழைத்துக்கொண்டு நானும் என் கணவரும் காரில் கிளம்பினோம். வழியில் டிபன், டீ என்று நிறுத்தி நிறுத்தித் திருவையாறு போய்ச் சேர்ந்தால், கோயில் நடை சாத்தியிருந்தது. இனி சாயங்காலம்தான் திறப்பார்களாம்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "டீ குடிக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றேன்.

"காலையில லேட்டு பண்ணது யாரு?" என்று கணவர் திருப்பிக் கேட்டார். படித்துறையில் நின்றபடியே சண்டை வளர்ந்தது.

திடீரென்று கீழே அலறல் கேட்டது. கால் நனைக்க இறங்கிய நைனா, பாசியில் வழுக்கி ஆற்றில் விழுந்திருந்தார். தண்ணீர் அவரை இழுத்தது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று ஈரப்புடவையை வீச, நைனா அதைப் பிடித்துக்கொண்டார். கணவர் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்.

"இன்னா நைனா, சொல்லிட்டு எறங்கக் கூடாதா?" என்று அழுதேன்.

"சொன்னேம்மா. உங்க சண்டையில காதுல விழல" என்றார், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

அன்று சாமி பார்க்காமலே திரும்பினோம். இப்போதெல்லாம் நடை திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். ஆற்றங்கரையில் நைனாவின் கையை விடுவதில்லை. சண்டை இருந்தால், வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்கிறோம்.

– வாசகி, செஞ்சி