அருளானந்தம் அண்ணை சொன்ன ஊரும் சொல்லாத செய்தியும்

அருளானந்தம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் கனடாவில், வோபர்ன் பகுதியில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்றேன். "அங்கிள், நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுத வேணும். அப்பா பிரான்ஸ் கதையெல்லாம் உங்களுக்குத்தானே சொன்னவர்" என்றாள்.

"எழுதினால் எல்லாத்தையும் எழுதுவன் பிள்ளை."

"ஓம், எழுதுங்கோ" என்றாள். அவரை அறிந்த உங்களுக்கு எதையும் மறைக்காமல் எழுதுவது அந்தச் சம்மதத்தில்தான்.

பிறம்ரன் நகரில் எங்கள் இருவருக்கும் ஒரே வெயார்ஹவுசில் சாமான் அடுக்கும் வேலை. ஏழு வருடங்கள் என் காரில் ஒன்றாகப் போய் வந்தோம். கனடா வருமுன் அவர் பிரான்சில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்னக் கிராமத்தில் ஊர்ச்சபைத் தொழிலாளியாக இருந்தவர். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெரிந்து நிற்கும்போது அந்த ஊருக்குள் என்னைக் கூட்டிப் போய்விடுவார். அந்தக் காலத்துப் பெண்கள் முழங்காலில் இருந்து உடுப்புத் தோய்த்த கல் மண்டபம் ஒன்று ஆற்றோரம் இருந்தது. அதில் பிடிக்கும் பாசியைச் சுரண்டுவது அவருடைய வேலை. பாலத்துத் தூணில் ஒவ்வொரு பெருவெள்ளமும் ஏறிய உயரத்துக்குக் கோடு வெட்டி வைத்திருந்தார்களாம். "மேல்கோட்டுக்கு என்ர கை எட்டாது தம்பி. அவ்வளவு தண்ணிக்குப் பிறகும் அந்தச் சனம் ஊரை விட்டுப் போகேல்லை" என்பார்.

வருடத்தில் ஒருநாள் ஊரின் பழைய இடங்களை வெளியாருக்குத் திறந்து காட்டுவார்கள். மண்டபத்தை விளக்கிச் சொல்லும் பொறுப்பு இவருக்கு. "எங்கட ஊரைப் பற்றி இவனா எங்களுக்குச் சொல்லுறது எண்டு ஒரு கிழவி சிரிச்சவ. முடிய, அவவே கேக் வெட்டிக் கொண்டுவந்து தந்தவ."

அந்த ஊர்ச் சந்தியில் முதலாம் உலகப் போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய தூண் ஒன்றும் உண்டு. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணியும். "சாவுச் செய்தியை மேயர்தான் கொண்டு போறது. தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு நடந்து போவாராம். எந்த வாசலில நிக்கப் போறார் எண்டு வீடுவீடாக் கதவுக்குப் பின்னால நிண்டு பார்ப்பினமாம். அது மரியாதை தம்பி. செத்தவனுக்கும் மரியாதை, இருக்கிறவனுக்கும் மரியாதை."

எங்கள் நாட்டுப் போர் முடிந்த அந்த வைகாசியில் என் அக்கா வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். ஒரு தகவலும் இல்லை. அம்மா கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தா. அகதி முகாமிலிருந்து வந்தால் உடுக்க என்று சேலையும் வாங்கி வைத்தா. காரில் நான் கேட்பேன்: "அக்கா ஏதாவது முகாமில இருப்பா, என்ன அண்ணை?" "இருப்பா தம்பி" என்பார். அக்காவைத் தேடித் தரும்படி பிரான்சிலிருந்த ஒரு நிவாரண நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தைப் பிரெஞ்சில் மாற்றித் தந்ததும் அவர்தான். அக்காவின் வயது, உயரம், நெற்றித் தழும்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

போர் முடிந்து ஐந்து கிழமைக்குப் பிறகு, அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் முகாமிலிருந்து பேசினாள். அக்கா ஷெல் விழுந்து செத்ததை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். "உங்கட நம்பர் இப்பதான் கிடைச்சது. அருளானந்தம் அண்ணை எங்களுக்குச் சொந்தம், அவருக்கு அப்பவே சொல்லிவிட்டனான். அவர் சொல்லேல்லையோ?"

அம்மா விரல்விட்டு நாளை எண்ணினா. "கிரியை செய்யிற முப்பத்தோராம் நாளும் போட்டுதே. செத்த பிள்ளைக்கு நான் நேர்த்தி வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்று தலையில் அடித்தா.

அடுத்த நாள் காலை அவர் காரில் ஏறியதும் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பின்னை ஏன் அந்தக் கடிதத்தை எழுதினனீங்கள்?"

"வாய் வரேல்லை தம்பி. நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். பிறகு சொல்லவே ஏலாமப் போச்சு."

"மரியாதை எண்டு சொன்னீங்களே அண்ணை."

"ஓம். மற்றவையின்ர கதையெண்டால் சொல்லலாம்."

மறுநாளிலிருந்து அவர் பஸ்ஸில் போனார். பிறகு வேலையையும் மாற்றிக்கொண்டார். எங்கேயாவது கண்டால் தலையசைப்பார், நான் திரும்பிக்கொள்வேன். அதுவும் பொய்யில்லாமல் எழுத வேண்டியதே.

பூதவுடல் வைத்திருந்த இடத்தில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்தா. "அந்த நாளில உங்கட கட்டடத்துக்கு மூண்டு தரம் வந்தவர் தம்பி. கீழ லிஃப்டடியில நிண்டுபோட்டுத் திரும்பி வந்திடுவார்." எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்துச் சொன்னா. மூன்று தரம் வந்தவர் நாலாம் தரம் ஏறியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அங்கு போகுமுன் அம்மாவையும் கூப்பிட்டிருந்தேன். "நான் வரமாட்டன்" என்றா. பிறகு அவவே, "நீ போ. உனக்கு அவர் சிநேகிதன்" என்றா.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது சிநேகிதன் என்ற அந்தச் சொல்தான். வேறு யார் மறைத்திருந்தாலும் எப்போதோ மறந்திருப்பேன்.