இரண்டாவது கோடு

வினாயகமூர்த்திக்கு உலகத்தில் ஒருவரிலும் நம்பிக்கையில்லை. கடைக்குப் போனால் தராசைப் பார்க்கமுன்னம் கடைக்காரனின் விரலைப் பார்ப்பார். பஸ்ஸில் யாராவது சிரித்தால் உடனே தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். ஏறாவூருக்கு எதிர்க்கரையில் குடியிருந்து, வாவியில் நண்டுக்கூடு இறக்கிப் பிழைக்கிற மனிதர், வயது ஐம்பத்திரண்டு. மற்றவர்கள் கூட்டுக்கயிற்றில் மிதப்புக் கட்டிவிடுவார்கள். இவர் கட்டவே மாட்டார். மிதப்புக் கட்டுவது கள்ளனுக்கு வெற்றிலை வைத்து அழைப்பது மாதிரி என்பார்.

பின்னே, கலங்கல் தண்ணீருக்குள் கிடக்கிற கூட்டை எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதற்கு அவரிடம் இரண்டு கோடு இருந்தது. தோணியில் நின்று கிழக்கே பார்த்தால், ஏறாவூர்ப் பள்ளிவாசல் மினாராவுக்கு நேர் பின்னால் தொலைபேசி டவர் வரவேண்டும். அது ஒரு கோடு. தெற்கே கிறுகிப் பார்த்தால், கோயில் கோபுரம் தண்ணீர்த் தாங்கியை மறைக்கவேண்டும். அது மற்றக் கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கொக்கித்தடியை விட்டால் கூடுகளைக் கோத்த கயிறு மாட்டும். இந்த இரகசியம் கட்டின பெண்சாதிக்கும் தெரியாது.

போன மாரியில் டெங்கு வந்து ஆளை ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டது. இருபது வருசமாக அவரிடம் நண்டு வாங்குகிற ஏறாவூர் அஹமட் ஒருநாள் விட்டு ஒருநாள் இளநீரோடு வந்து பார்த்தார். இரண்டாம் தடவை வந்தபோது கேட்டார்: "மச்சான், கூடெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கே. எங்கயெண்டு சென்னா நான் இழுத்து வெக்கட்டா?"

இவனுக்கு ஏன் இந்த அக்கறை என்று அந்தக் காய்ச்சலுக்குள்ளும் வினாயகமூர்த்திக்கு ஓடியது. முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை. "மினாராவும் டவரும் ஒண்டாத் தெரியிற இடம்" என்றார். மற்றக் கோட்டைச் சொல்லவில்லை.

மூன்று கிழமை கழித்து, நிற்கவே காலில் பலமில்லாமல் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு கோட்டையும் சரிபார்த்துத் தடியை விட்டார். சேறுதான் வந்தது. சுற்றிச் சுற்றித் துழாவினார். ஒன்றுமில்லை. வீட்டுச் சீவியமே அந்தக் கூடுகள்தான்!

கரைக்கு வந்ததும் பக்கத்துத் தோணிக்காரன் சுதாகரன் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். "அண்ண, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன முதல் கிழமையே அஹமட் நானா மூண்டு நாளாத் தடி போட்டு இழுத்தவர். என்ர கண்ணால கண்டன்."

வேறென்ன வேண்டும்? அடுத்த நாள் துறையில், நண்டு நிறுக்கிற நேரத்தில், எல்லோருக்கும் முன்னால் வினாயகமூர்த்தி கத்தினார். "கள்ளன்! இளநியக் காட்டி இடத்தக் கேட்டவன்!"

அஹமட் முகம் கறுத்து நின்றார். "தேடினது உண்மதான் மச்சான். ஒனக்காகத்தான் தேடினன். கெடைக்கல்ல."

"தேடினவராம்! கேளுங்க கதைய!" ஆட்கள் சிரித்தார்கள். அஹமட் குனிந்து நண்டை நிறுக்கத் தொடங்கினார்.

ஒரு கிழமை போனது. ஒரே வளவுக்குள் குடியிருக்கிற தங்கை வதனி, ஏழாம் ஆண்டுக்குப் புவியியல் படிப்பிக்கிறவள், மேசை நிறையப் பிள்ளைகள் வரைந்த படங்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். வாவியும் இரண்டு கரையும் தாளில் கிடப்பதைக் கண்டு வினாயகமூர்த்திக்குப் பகீரென்றது.

"என்னகா இது? எங்கட வாவிய ஆருக்குக் கீறிக் குடுக்கிறாய்?"

"சும்மா இருங்க அண்ண, பிள்ளையள்ட ஒப்படை. நானே இண்டைக்கு வெக்கப்பட்டுப் போனன். போன வருசப் படத்தில டவர் சந்தை றோட்டுக்குத் தெற்கால. இந்த வருசம் எல்லாரும் வடக்கால கீறியிருக்குகள். ஒராளப் பாத்து மற்றாள் எழுதினதெண்டு சிவப்புப் பேனையும் எடுத்திட்டன். மறுகா போய்ப் பாத்தா பிள்ளையள்தான் சரி. ரெண்டு கிழமைக்கு முன்னம்தான் பழைய டவரக் கழட்டி, றோட்டுக்கு அங்கால புதுசு நட்டிருக்காங்க."

வினாயகமூர்த்தி கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தார். "டவரையும் மினாராவையும் சேத்து ஒரு கோடு கீறு பாப்பம்."

அவள் அடிமட்டத்தை வைத்துப் பழைய டவருக்கு ஒன்று, புதிய டவருக்கு ஒன்று கீறினாள். மினாராவடியில் சேர்ந்த கோடுகள் வாவிக்குள் வரவர அகன்றுகொண்டே போயின. "றோட்டக் கடந்த அளவுதான் டவர் நகர்ந்தது. அளவுத்திட்டப்படி வாவியில நூறு மீற்றருக்குக் குறையாம விலகுது."

அவர் பழைய கோட்டில் விரலை வைத்தார். "ஒரு கோடு மட்டும் தெரிஞ்சவன் இடத்தப் பிடிப்பானா?"

"எப்படிப் பிடிக்கிற? ஒரு கோடெண்டா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் தேடவேணும். மற்றக் கோடு வந்து வெட்டினாத்தான் அது இடம்."

விடியமுன்னம் போய்விட்டார். பழைய டவர் நின்ற இடத்துத் தென்னைகளை மினாராவோடு சேர்த்துப் பார்த்துத் தடியை விட்டார். முதல் இழுவையிலேயே கயிறு மாட்டியது. கூடுகள் ஒன்றும் குறையவில்லை. உள்ளே நண்டுகள் செத்து அழுகி நாறின. தோணியில் குந்தியிருந்து அழுதார், வெட்கமில்லாமல் அழுதார்.

நேரே அஹமட் வீட்டுக்குப் போனார். அஹமட் துறைக்குப் போயிருந்தார். மனைவி கைறுன்னிஸா வாசல் கடப்படியில் நின்றே கேட்டாள். "மூணு நாளும் வெயில்ல நிண்டு தோலுரிஞ்சி வந்த மனிசன். கள்ளனெண்டு துறையில நாலு பேருக்கு முன்னால சென்னீங்க. மன்னிப்பு மட்டும் ஆருமில்லாத இடத்திலயா?"

துறைக்கு நடந்தார். நண்டு நிறுத்துக்கொண்டிருந்த அஹமட் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கூடெல்லாம் வெச்ச இடத்திலதான் கெடக்கு. அஹமட் எடுக்கல்ல. பிழை என்ர" என்று வினாயகமூர்த்தி உரக்கச் சொன்னார்.

சுதாகரன் விடுவானா? "ஓம், ஆள் தெரிஞ்சுபோச்செண்டு ராவோட ராவாத் திருப்பி வெச்சிருப்பார்."

வினாயகமூர்த்தி சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "வெக்கேலாது. பழைய டவரும் மினாராவும் ஒரு கோடு, அதத்தான் அவனுக்குச் சொன்ன நான். கோயில் கோபுரமும் தண்ணித் தாங்கியும் மற்றக் கோடு. அத நான் சொல்லவேயில்ல."

துறை முழுக்கக் கேட்டது. இனி அந்த இடம் யாருக்கும் இரகசியமில்லை. அஹமட் தராசைக் கீழே வைத்தார்.

"அந்த மற்றக் கோட்ட அண்டைக்கே என்னட்டச் சென்னிருந்தா, மச்சான்," என்றார், "நண்டாவது உயிரோட இரிந்திரிக்கும்."